சுடாத துப்பாக்கி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் திருச்சிப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். இங்கே இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் மாமனார், மாமியாரோடு இருக்கிறோம். ஐந்து வயதில் ஒரு மகள். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் பாதி வீடுகளில் துப்பாக்கி வந்துவிட்டது. போன மாதம் பின்வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். அதிலிருந்து என் கணவரும் வாங்கியே தீருவேன் என்று நிற்கிறார். பயிற்சி முடித்து, தேர்வும் எழுதிவிட்டார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்கும் போன் வந்தது. 'உங்கள் கணவர் துப்பாக்கி வைத்துக்கொள்வதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?' என்று கேட்டார்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் நல்லவர் அக்கா. குடித்தால் மட்டும் கோபம் வரும், கையில் கிடைத்ததை எறிவார். காலையில் சரியாகிவிடுவார்.

நல்லவர்கள் கையில் துப்பாக்கி இருந்தால்தானே கெட்டவர்கள் பயப்படுவார்கள்? சட்டத்தை இறுக்கினால் திருடனுக்கு என்ன நஷ்டம்? நீங்கள் ஏன் எப்போதும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்தே எழுதுகிறீர்கள்? அப்புறம், மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? பெயர் போட வேண்டாம். அவருக்குத் தமிழ் படிக்க வராது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் கடிதத்தை வெளியிடுகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். புத்தகம் வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அம்மா பேசுவதுதான் பாடம். பேசுங்கள், பாடுங்கள், கோபம் வந்தால் தமிழிலேயே திட்டுங்கள். எழுத்து தானாக வரும்.

திருடனைப் பற்றிய கேள்விக்கும் அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. திருடன் கையில் இருக்கும் துப்பாக்கி வானத்திலிருந்து விழவில்லை. பெரும்பாலும் அது யாரோ ஒரு நல்லவர் வீட்டு அலமாரியில் லைசென்ஸோடு இருந்து களவு போனது, இல்லையென்றால் போலீஸ் கிடங்கிலிருந்து வெளியே போனது. கேப் டவுன் பக்கத்துக் கும்பல்களுக்கு ஒரு போலீஸ் கர்னலே துப்பாக்கி விற்றார். அழிப்பதற்காகப் போலீஸ் வசம் வந்திருந்த துப்பாக்கிகள் அவை, சுமார் இரண்டாயிரம் துப்பாக்கிகள். 2016-ல் அவருக்கு 18 ஆண்டு சிறை கிடைத்தது. அவர் விற்ற துப்பாக்கிகளுக்குப் பலியான பிள்ளைகள் திரும்பி வரவில்லை. சட்டத்தால் என்ன லாபம் என்றால், 2000-ல் நிறைவேறி 2004 ஜூலையில் முழுதாக நடைமுறைக்கு வந்த இந்த நாட்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், 2001 முதல் 2005 வரை ஐந்து பெரிய நகரங்களில் மட்டும் 4500-க்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். டர்பனும் அந்த ஐந்தில் ஒன்று. இது போதும் என்று நினைக்கிறேன்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறொரு வரிக்காக. 'அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

என் பெரியம்மாவின் முதல் வருடத் திதி நெருங்குகிறது. சில வாரங்களாகவே அவர் ஞாபகமாகத்தான் இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பெரியப்பா டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் கடைக்குள் புகுந்து கல்லாவை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் நெற்றியில் துப்பாக்கியை வைத்துத்தான் அள்ளினார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. அவர் கை நடுங்கியதை நானே பார்த்தேன். அப்புறம் ஒரு ரிவால்வர் வாங்கினார். அப்போது 1969-ஆம் வருடத்துச் சட்டம். ஒருமுறை லைசென்ஸ் கொடுத்தால் ஆயுளுக்கும் செல்லும், புதுப்பிக்கும் வேலையே கிடையாது.

கடையிலிருந்து வந்ததும் இடுப்பிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைப்பார். தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில், துப்பாக்கிக் குழாய் சுவரைப் பார்க்க. முதலில் அது வெறும் பழக்கம்தான். சாவியை வைப்பார், பர்ஸை வைப்பார், அதையும் வைப்பார். பெரியம்மா ரசம் ஊற்ற வரும்போது கையை வளைத்து, அதில் பட்டுவிடாமல் ஊற்றுவார். பிள்ளைகள் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குடித்துவிட்டு வரும் நாட்களில் குழாய் சுவரைப் பார்க்காது. அவ்வளவுதான் வித்தியாசம். அவர் அதைத் தூக்கிக் காட்டியதில்லை, மிரட்டியதில்லை. 'சுட்டுவிடுவேன்' என்று ஒரு நாளும் அவர் வாயில் வந்ததில்லை. என் அக்கா முறைக்காரி ஜோகன்னஸ்பர்க்கில் போய்ப் படிக்கிறேன் என்று அந்த மேசையில்தான் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த ரிவால்வரை இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்தார். அவள் எழுந்து போய்விட்டாள். படிப்பு அன்றோடு முடிந்தது. இன்றைக்கு அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, வெரூலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள்.

அவர் சாகும்வரை அந்த ரிவால்வரிலிருந்து ஒரு குண்டுகூட வெளியே போகவில்லை. போலீஸ் கோப்பைப் பார்த்தால் அவர் உத்தமமான லைசென்ஸ்காரர். எந்தப் புகாரும் இல்லை. எந்தப் புள்ளிவிவரத்திலும் எங்கள் பெரியம்மா வீடு வராது. துப்பாக்கியை எதிர்ப்பவர்கள் செத்தவர்களை எண்ணுகிறார்கள், ஆதரிப்பவர்கள் தடுத்த திருட்டுகளை எண்ணுகிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் ஒரு வீட்டில் யாருமே எதிர்த்துப் பேசாமல் போனதை யார் எண்ணுவது? உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் தங்கை. வீட்டுக்குள் வந்த துப்பாக்கி திருடனுக்காகக் காத்துக்கொண்டு அலமாரியில் சும்மா கிடக்கும் என்று நினைக்காதீர்கள். திருடன் என்றைக்கோ ஒரு நாள் வருவான், வராமலும் போவான். பெண்டாட்டியும் பிள்ளையும் தினமும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

'குடித்தால் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த 'மட்டும்' போட்டுப் போட்டுத்தான் நம் பெண்கள் தங்கள் வாயைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். புரட்டாசி மாதம் பெரியப்பா சொட்டுக் குடிக்க மாட்டார். கவிச்சி கிடையாது, காலையில் விளக்கு, சனிக்கிழமை கோவில். எவ்வளவு நல்ல மனிதர் என்று தெருவே சொல்லும். அந்த மாதமும் துப்பாக்கி மேசையில்தான் இருந்தது. பெரியம்மா கையை வளைத்துத்தான் ரசம் ஊற்றினார். குடிக்கிற மனிதர் தெளிந்துவிடலாம். அவர் குடித்தபோது வீட்டுக்குள் ஏறிய பயம் தெளிவதில்லை. உங்கள் மகள் பொருள் பறப்பதைப் பார்க்கிறாள். காலையில் அப்பா சரியாகிவிடுவதையும் பார்க்கிறாள். இரண்டையும் சேர்த்து அவள் என்ன கற்றுக்கொள்கிறாள் என்று யோசித்தீர்களா?

சட்டம் இதை யோசித்திருக்கிறது. துப்பாக்கிக்குத் தகுதிச் சான்றிதழ் வாங்குகிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். குடிக்கோ போதைக்கோ அடிமையாக இருக்கக் கூடாது, வன்முறைக் குணம் இருக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் உங்களுக்குப் போன் செய்தார்கள். இந்த நாட்டுப் பெண்கள் அமைப்புகள் வருடக்கணக்காகப் போராடி வாங்கிய பாதுகாப்பு இது. 1999-ல் இங்கே ஆறு மணி நேரத்துக்கு ஒரு பெண் தன் கணவன் அல்லது காதலன் கையால் செத்தாள். பத்து வருடம் கழித்து அது எட்டு மணி நேரத்துக்கு ஒருத்தி என்று ஆனது. துப்பாக்கியால் சாகிறவர்கள் குறைந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. எட்டு மணி நேரம் என்பதே வெட்கக்கேடு, ஆனாலும் அந்த வித்தியாசத்தில் உயிரோடு இருக்கும் பெண்கள் நிஜமானவர்கள். அப்படிக் கிடைத்த ஒரு கேள்வியை, கணவன் காதில் விழும்படி போனில் கேட்டு, 'இல்லை' என்று எழுதிக்கொண்டு கோப்பை மூடிவிடுகிறார்கள். உங்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க அந்த அதிகாரிக்கு அரை மணி நேரம் கிடைக்கவில்லையா? நீங்கள் சொன்ன 'இல்லை'க்கு உங்கள் மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை. அந்த இடத்தில் பெரியம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

தெருவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். 2021 ஜூலையில் போலீஸ் போனை எடுக்காத அந்த இரவுகளில் நானும் இங்கேதான் இருந்தேன். கடைகள் எரிந்தன, ரொட்டி கிடைக்கவில்லை, புகை வாடை நாள்கணக்கில் போகவில்லை. பயந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த நாட்களை வீரக்கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களிடம் ஒன்று கேளுங்கள். ஃபீனிக்ஸில் செத்த 36 பேரில் எத்தனை பேர் பெயர் அவர்களுக்குத் தெரியும்? வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள், கடைக்குப் போனவர்கள் அதில் இருந்தார்கள். கறுப்பின மக்கள் வாழும் பாம்பாயியும் அமாவோட்டியும் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அங்கேயும் பிள்ளையை இழந்த அம்மாக்கள் இருக்கிறார்கள்.

இது இன்று தொடங்கியதும் இல்லை. 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தை எங்கள் ஆயா சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். கேட்டோ மேனரில் வீடு எரிந்தது, துணி மூட்டையோடு ஓடியது, எல்லாம் சொல்வார். அந்தக் கலவரத்தில் செத்தவர்கள் 142 பேர். அதில் இந்தியர்கள் 50, ஆப்பிரிக்கர்கள் 87. அந்த 87-ஐ ஆயா சொன்னதில்லை, பள்ளிக்கூடத்திலும் யாரும் சொல்லவில்லை, வளர்ந்த பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். பாதிக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் 2021-ல் தெருமுனையில் தடுப்புப் போட்டு நின்றார்கள். வெளியே நிற்பவனைப் பார்த்துப் பார்த்தே பழகிய நமக்கு, சாத்திய கதவுக்குள் நடப்பது கண்ணில் படுவதே இல்லை. சுகர்ஸ் என்ற மலிவு ஹெராயின் போதையில் பிள்ளை வீட்டுப் பாத்திரத்தை விற்றால் மூடி மறைக்கிறோம். மருமகள் கையில் காயம் இருந்தால் வழுக்கி விழுந்தாள் என்கிறோம். கோவில் கமிட்டியில் தேர் வடத்துக்கு மூன்று கூட்டம் போடுகிறவர்கள், அடிபடும் பெண்ணுக்காக ஒரு கூட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

பெரியப்பா போன பிறகு, 2005-ல் அரசு பொது மன்னிப்பு அறிவித்திருந்தபோது, பெரியம்மா அந்த ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மடியில் மஞ்சள் பை, பைக்குள் துண்டு சுற்றிய ரிவால்வர். கையெழுத்துப் போட்டு, ரசீதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில், 'இனிமே இந்த வீட்டுல சத்தம் போட்டுச் சண்டை போடலாம்' என்றார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது.

உங்களுக்கு அத்தனை வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குள் துப்பாக்கி இன்னும் வரவில்லை. தகுதிச் சான்றிதழ் ஒரு கட்டம், லைசென்ஸ் அடுத்த கட்டம். நேரம் இருக்கிறது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். துப்பாக்கி விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரி ஒவ்வொரு ஸ்டேஷன் வட்டாரத்துக்கும் உண்டு. அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். போனில் பதில் சொன்னபோது கணவர் பக்கத்தில் இருந்தார், அது என் மனதார்ந்த பதில் இல்லை, குடித்தால் பொருள்களை எறிகிறார், இவ்வளவையும் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் கிடைத்துவிட்டாலும் கதவு மூடிவிடாது. வன்முறையும் குடியும் இருக்கும் வீட்டில், விசாரித்து ஒருவரைத் துப்பாக்கி வைக்கத் தகுதியற்றவர் என்று அறிவிக்கப் போலீஸுக்கு அதிகாரம் இருக்கிறது. 1998-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்டால், ஆயுதத்தைப் பறிமுதல் செய்யும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

கணவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். மாமியாரிடமும் வேண்டாம், அவர் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் சரி. எனக்கு அனுப்பிய மடலைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 0800 428 428 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் நான் உடன் வருகிறேன். வியாழக்கிழமை காலைகளில் எனக்கு வகுப்பு இல்லை, கார் இருக்கிறது. எந்த வாரம் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா