இரண்டு முகடு தெரிந்தால் எதை நம்புவது?

கேள்வி: பீன்யாவில் மரக்கதவுக்கு பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. பெயின்டின் தடிமனை ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கேஜ் ஒரே கதவில் ஒருமுறை 20 மைக்ரான், அடுத்தமுறை 110 என்கிறது. திரையில் வரும் எதிரொலி வரைபடத்தில் இரண்டு முகடுகள். எது சரி சார்?
- வாசகர், பெங்களூரு

பதில்: அனேகமாக 110. பெயின்டின் மேல்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் அந்தக் குழிகளில், ஒலி உள்ளே போக நீங்கள் தடவும் ஜெல் தேங்கி, அங்கிருந்தே ஒரு எதிரொலி சீக்கிரமாகத் திரும்பிவிடும். கருவி பொதுவாக உயரமான முகட்டைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் சில நேரம் இந்தப் போலி முகடு ஜெயித்துவிடுகிறது. கருவி தேடும் தடிமனின் கீழ் வரம்பை 50 மைக்ரான் என்று வைத்துப் பாருங்கள்.

ஆனால் அவசரம் வேண்டாம். பிரைமருக்கு மேல் இன்னொரு கோட் அடித்திருந்தால் முதல் முகடு அந்த மேல்பூச்சின் அடிப்பக்கமாகவும் இருக்கலாம். உதவாத துண்டு ஒன்றை நைஸ் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து அளந்து பாருங்கள். அந்த முகடு காணாமல் போனால் அது சொரசொரப்புதான்.