முதல் சாக்கர் ஆட்டத்துக்குப் போகும் தம்பிக்கு

ராலேயில் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது, வியாழன் இரவு சேப்பல் ஹில்லில் எங்கள் கல்லூரிப் பெண்கள் அணி ஆடும் சாக்கர் ஆட்டத்துக்கு ஆய்வகத் தோழர்கள் கூப்பிடுகிறார்கள், கால்பந்தை டிவியில் மட்டுமே பார்த்த நான் அங்கே போய்த் திருதிருவென்று விழிப்பேனோ என்று கேட்டிருந்தீர்கள்.

போங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். பக்கத்தில் கேரியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இந்த நாட்டில் யாரும் எனக்கு எதையும் விளக்கிச் சொல்லத் தேவைப்படாத முதல் இடம் அந்த ஸ்டாண்டுதான். பேஸ்பாலுக்கோ அமெரிக்க ஃபுட்பாலுக்கோ போனால் பக்கத்தில் இருப்பவர் நமக்குப் பாடம் நடத்த வேண்டும். இங்கே ஆஃப்சைடு எது, கார்னருக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். வாய் திறந்து பேசலாம்.

ஆனால் டிவி பார்த்த பழக்கம் கடிகாரத்தில் உங்களை ஏமாற்றும். கல்லூரி ஆட்டத்தில் ஸ்கோர்போர்டு 45:00-இல் தொடங்கிக் கீழே இறங்கும். கோல் விழுந்தால், கார்டு காட்டினால், பெனால்டி என்றால் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் கடைசியில் 'இன்னும் நான்கு நிமிடம்' என்று பலகை தூக்கும் வேலையே இல்லை. பூஜ்யம் வந்தால் முடிந்தது. கோலை நோக்கி அடித்த பந்து கோட்டைத் தாண்டும் முன்பே பூஜ்யம் வந்துவிட்டால், அப்புறம் அது வலைக்குள் போனாலும் கணக்கில் வராது. ஒரு கோல் வித்தியாசத்தில் ஆட்டம் நிற்கும்போது கடைசிப் பத்து நொடியை ஸ்டாண்டு முழுக்கச் சேர்ந்து உரக்க எண்ணும். அந்தச் சத்தத்தை டிவியில் எந்த ஐரோப்பிய ஆட்டத்திலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். எனக்கு அதுவே மிகப் பிடித்தது.

ஆட்களை மாற்றுவதும் வேறு மாதிரி. முதல் பாதியில் வெளியே போனவர் இரண்டாம் பாதியில் மறுபடி இறங்குவார். வியாழன் ஓர் ஆட்டம், ஞாயிறு இன்னொன்று என்று நெருக்கி வைத்திருக்கிறார்கள், நடுவில் வகுப்பும் பரீட்சையும் உண்டு. கால்கள் தாங்க வேண்டாமா! வழக்கமான சீசன் ஆட்டம் சமனில் முடிந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள்; அதற்குக் கூடுதல் நேரம் கொடுப்பதை 2022-இல் நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் போவது சாதாரண மைதானம் இல்லை. 1979 முதல் 2024 வரை சேப்பல் ஹில்லின் நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணியைப் பயிற்றுவித்த ஆன்சன் டொரன்ஸின் பெயர் தாங்கியது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் முதல் பெண்கள் சாக்கர் பட்டத்தை 1982-இல் வென்றது இந்த அணிதான். அமெரிக்காவின் புகழ்பெற்ற வீராங்கனை மியா ஹாம் ஆடியதும் இந்த அணிக்கே. 2024 டிசம்பரில் எங்கள் கேரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியை 1-0 என்று வென்று 22-வது பட்டம் வாங்கினார்கள். பெண்கள் ஆட்டத்துக்கு இங்கே ஏன் இவ்வளவு மரியாதை என்று அடுத்து நீங்களே கேட்பீர்கள். 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம் முக்கியக் காரணம். அரசுப் பணம் வாங்கும் கல்லூரி, விளையாட்டிலும் பெண்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும் என்று ஆனது. இன்று கல்லூரிப் போட்டிகளின் உயர்ந்த நிலையான முதல் டிவிஷனில் ஆண்கள் சாக்கர் அணிகளைவிடப் பெண்கள் அணிகள் எவ்வளவோ அதிகம். என் மகளை ஏழு வயதில் இந்த ஆட்டங்களுக்குக் கூட்டிப்போனேன். பெண்கள் ஓடுவதைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வந்து உட்காருவது அவளுக்கு இயல்பான விஷயமாகவே மனதில் பதிந்துவிட்டது.

உடை? உங்கள் கல்லூரிச் சிவப்பையே போடுங்கள், மறைக்க வேண்டாம். உள்ளூர் அணியின் வெளிர் நீலச் சட்டைகள் குவிந்திருக்கும் மாணவர் பகுதியின் நடுவில் மட்டும் உட்காராதீர்கள். உங்கள் மாணவர் அட்டை அங்கே செல்லாது என்பதால் டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். முதுகுப்பையை விட்டுவிட்டுப் போங்கள். வேறோர் ஊரில் என் கைப்பை உள்ளே தெரியாத பை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள், காரில் வைத்துவிட்டு வருவதற்குள் முதல் கோலே போய்விட்டது. இடி மின்னல் நெருங்கினால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். கடைசி மின்னலிலிருந்து முப்பது நிமிடம் கழியாமல் தொடங்க மாட்டார்கள். உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, இதை மனதில் வையுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், ஆனால் எந்தப் பெண்ணையும் பேர் சொல்லித் திட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பது அவள் அம்மாவாக இருக்கலாம். ஒரு முறை என் அருகில் ஒஹையோவிலிருந்து எட்டு மணி நேரம் காரோட்டி வந்த தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மகள் கடைசிப் பன்னிரண்டு நிமிடம்தான் இறங்கினாள். அவள் பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அந்த அப்பா எழுந்து நின்றார், நானும் கூடவே எழுந்தேன். மறுநாள் வேலை இருந்ததால் ஆட்டம் முடிந்த கையோடு திரும்பிக் காரோட்டிப் போனார்கள்.

முடிந்ததும் வீராங்கனைகள் வேலியோரம் வருவார்கள். உங்கள் அணி தோற்றிருந்தாலும் கிட்டே போய் நன்றாக ஆடினீர்கள் என்று சொல்லுங்கள். வெளியூர் மைதானத்தில் சிவப்புச் சட்டை குறைவாகத்தான் இருக்கும், உங்கள் முகம் பார்த்துச் சிரிப்பார்கள்.