கொழுந்து வாடிய மாடியில் 40 மேசை போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் குடும்பத்து டீ ஃபேக்டரி பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. கல் சுவர், தகரக் கூரை, மேலே இரண்டு மரத்தள மாடிகள். 40 பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் அலுவலகமாக மாற்ற நினைக்கிறோம். டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், பெயின்ட் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். சரிதானா?

பதில்: அந்த மூன்றும் கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது மாடி தாங்குமா என்பதை. அது ஆள் நடமாடக் கட்டியதல்ல, கொழுந்து வாடக் கட்டியது. வாட்டும் தொட்டியில் சதுர மீட்டருக்கு 25 முதல் 30 கிலோ பச்சைத் தேயிலைதான் பரப்புவார்கள். அலுவலகத் தளத்துக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 கேட்பது சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. ஃபைல்களுக்குத் தனி அறை ஒதுக்காவிட்டால் 400. அந்த மரத்தின் மேல் டைல்ஸும் காங்கிரீட்டும் போட்டால், ஒரு மேசை ஏறும் முன்பே தாங்குதிறனில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மாடியைத் தாங்கும் மரச் சட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளில்தான் உளுப்பு தொடங்கும். நடுவில் தட்டிப் பார்த்துவிட்டு "கணீர்னு இருக்கு" என்பவரை நம்பாதீர்கள். முனையில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். தடையில்லாமல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால், மரத்தை மாற்றும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் உடைந்த மழைநீர்த் தகரமாக இருக்கும்.

நல்ல சட்டங்களைப் பிடுங்க வேண்டியதில்லை. அடியில், நடுவாக ஒரு இரும்பு உத்தரம் கொடுங்கள். தாங்கலுக்குத் தாங்கல் உள்ள நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அந்த உத்தரத்தின் பாரம் எந்தத் தூணில் இறங்குகிறது, தூணுக்கு அடியில் என்ன அஸ்திவாரம் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். ரிவெட் அடித்த பழைய தூணில் வெல்டிங் வேண்டாம். அந்தக் கால இரும்பில் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாக இருந்தால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். போல்ட்தான் சரி.

யுபிஎஸ் பேட்டரி, ஃபைல் ரேக் எல்லாம் தரைத்தளத்தில் இருக்கட்டும். அங்கே உருளை மெஷின் நின்ற காங்கிரீட் மேடைகளை உடைக்காதீர்கள்; பிரேக்கர் அதிர்வில் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் தளரும். பேட்டரிக்கு அதைவிட நல்ல பீடமும் கிடைக்காது. மெஷின் எண்ணெய் ஊறிய தரையில் எபாக்ஸி பூச்சு ஒட்டாது, சில மாதங்களில் அப்பளமாக எழும்பும். ஊறிய மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

அடுத்தது கூரை. ஒருவரின் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் ஈரம் வெளியேறும். 40 பேருக்கு 2 லிட்டர். மார்கழிக் குளிரில் அந்த ஈரம் தகரத்தின் அடியில் திரண்டு சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து வெளியே தார் பூசிக்கொண்டிருப்பார்கள். கீழிருந்து மேலாக அடுக்கு இப்படி வரட்டும்: சீலிங் பலகை, ஈரம் ஏறாத கனமான பாலித்தீன் விரிப்பு, 50 மி.மீ. ராக்வுல் (கல் இழைப் பஞ்சு), 50 மி.மீ. காற்று இடைவெளி, தகரம். இடைவெளி இறவாணத்திலும் முகட்டிலும் திறந்திருக்க வேண்டும். தகரத்தின் அடியிலேயே நுரை அடிப்பது மலிவுதான், ஆனால் ஓட்டை எங்கே என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ராக்வுல் இல்லாவிட்டால் ஐப்பசி மழை இரைச்சலில் போன் பேசவும் முடியாது. கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கலந்திருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுதாகக் கழற்றுங்கள்.

சுவருக்குச் சிமென்ட் பூச்சு ஆகாது. கல்லுக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சையே தள்ளிவிடும். சுண்ணாம்பு 1, மணல் 3 என்ற கலவையில் மெல்லிய அடுக்குகளாகப் பூசி, சுண்ணாம்பே அடியுங்கள்.

ஆலையை அலுவலகமாக்குவது பயன்பாட்டு மாற்றம். நகர் ஊரமைப்புத் துறையிலும், உங்கள் கிராமம் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) பட்டியலில் இருந்தால் அந்தக் குழுமத்திடமும் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். அதற்கு முன் ஒரு தகரத்தைக்கூடக் கழற்ற வேண்டாம். இருக்கும் நிலையை அளந்து, வரைபடமும் போட்டோவும் எடுத்து வையுங்கள். மரத்தளம் என்பதால் இரண்டாவது படிக்கட்டைத் திட்டத்திலேயே காட்டிவிடுங்கள்.

கூரையைப் பிரிக்க ஜனவரி முதல் மார்ச் வரைதான் தோது. அனுமதிக்கான காகித வேலையை ஆடியிலேயே தொடங்கினால் அந்தக் காலத்தைப் பிடிக்கலாம்.