மூன்றாம் ரவுண்டுக்கு வராதவர்

அன்புள்ள சார்,

அக்கா மகனிடம் 'மேஜிக்: த கேதரிங்' என்ற சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டதைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. பெங்களூரில் பி.டி.எம். லேஅவுட்டில் தங்கி வேலை பார்க்கிறேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் மதிய இடைவேளையில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். போன ஞாயிறு இந்திராநகர் பக்கம் ஒரு கடையில் 16 பேர், 4 ரவுண்ட் போட்டி. நண்பரின் டெக்கை, அதாவது அவர் ஆடுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த சீட்டுக்கட்டை, இரவல் வாங்கிக்கொண்டு நானும் சேர்ந்தேன்.

முதல் இரண்டு ரவுண்டிலும் தோற்றேன். முதலாவதில் கையில் ஒரே ஒரு லேண்ட், அதாவது மற்ற சீட்டுகளைப் போடச் சக்தி தரும் சீட்டு. அடுத்தது வருவதற்குள் கதை முடிந்தது. இரண்டாவதில் எதிரில் இருந்தவர் போட்ட கார்டு என்ன செய்யும் என்றே புரியவில்லை. கேட்கக் கூச்சம். பின்னால் நின்ற பொடியன் ஒருவன் என் கையைப் பார்த்து உச்சுக் கொட்டினான். இதற்கு மேல் மானம் போக வேண்டாமென்று யாரிடமும் சொல்லாமல் மெட்ரோ ஏறி வந்துவிட்டேன். அம்மாவோ, 'பெங்களூர் போய் சீட்டாடக் கத்துக்கிட்டியா?' என்கிறார். இன்னும் ஆறு மாதம் பழகிவிட்டு அப்புறம் போட்டிக்குப் போவதுதான் சரியா? இன்னொரு சின்னக் கேள்வி: 20-இல் தொடங்கிக் குறையும் லைஃப் கணக்கை டைஸில் வைப்பதா, பேப்பரிலா?

உங்கள் வாசகன்,
பி.டி.எம். லேஅவுட்

அன்புள்ள தம்பி,

நீங்கள் வருத்தப்பட்டு எழுதியிருப்பது இரண்டு தோல்விகளைப் பற்றி. எனக்கு உறுத்தியது 'யாரிடமும் சொல்லாமல்' என்ற இடம்.

போட்டி என்றாலே நமக்கு நாக்-அவுட்தான் மனதில் பதிந்திருக்கிறது. பொங்கலுக்கு நடத்தும் டென்னிஸ் பால் கிரிக்கெட்டோ கபடியோ கேரமோ, தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில் உங்கள் கால் தானாக வாசலைத் தேடியிருக்கிறது. ஆனால் இந்த மாதிரிக் கடைப் போட்டிகளை நடத்துவது சுவிஸ் முறையில். 1895-இல் சூரிச்சில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டியில் அதைக் கையாண்டார்கள். பெயர் அப்படி வந்தது. தோற்றவரை இதில் வெளியே அனுப்புவதில்லை. ஒவ்வொரு ரவுண்டிலும், அதுவரை உங்கள் அளவுக்கே புள்ளி எடுத்த ஒருவரோடு ஜோடி சேர்க்கிறார்கள்.

டிரா எதுவும் இல்லையென்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ரவுண்டில் ஜோடி குலுக்கல் மாதிரிதான், கடையிலேயே பெரிய ஆட்டக்காரர் உங்களுக்கு வந்து மாட்டலாம். 16 பேரில் 8 பேர் ஜெயிப்பார்கள், 8 பேர் தோற்பார்கள். இரண்டாவது முடிந்ததும் இரண்டிலும் ஜெயித்தவர்கள் 4 பேர், ஒன்றில் ஜெயித்து ஒன்றில் தோற்றவர்கள் 8 பேர், இரண்டிலும் தோற்றவர்கள் 4 பேர். மூன்றாம் ரவுண்டில் உங்கள் எதிரில் உட்கார வேண்டியவர் அந்தக் கடைசி நான்கு பேரில் ஒருவர். அவருக்கும் லேண்ட் மாட்டியிருக்காது, அவரும் கார்டைக் கையில் வைத்துத் திருதிருவென்று விழித்திருப்பார். உங்கள் அளவுக்குத் தைத்த ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. அப்போது பார்த்து நீங்கள் மெட்ரோவில் இருந்திருக்கிறீர்கள்.

என் முதல் போட்டியிலும் இரண்டு தோல்வி. மூன்றாவதுக்கு ஜோடிப் பட்டியலைப் பார்த்து மேஜையைத் தேடி உட்கார்ந்தேன். சீட்டைக் கலைத்தேன். எதிர் நாற்காலி காலி. மறுபடியும் கலைத்தேன். பத்து நிமிடம் போனதும் நடத்துபவர் வந்து, "அவர் கிளம்பிட்டார் போல, நீங்க ஜெயிச்சிட்டீங்க சார்" என்று மூன்று புள்ளியைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். ரவுண்ட் 50 நிமிடம். மீதி 40 நிமிடமும் பக்கத்து மேஜைகளை வேடிக்கை பார்த்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. அக்கா மகன் இன்னமும் சொல்லிக் காட்டுகிறான். போன ஞாயிறு இந்திராநகரில் யாரோ ஒருவர் அப்படி உட்கார்ந்திருப்பார் தம்பி. அவரும் இரவல் டெக்கோடு வந்தவராக இருக்கலாம்.

கிளம்புவதில் தப்பே இல்லை. ரவுண்ட் முடிந்ததும் நடத்துபவரிடம் 'டிராப்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பட்டியலில் பெயர் வராது. அப்போதும் 15 பேர் ஆகி ஒருவருக்கு ஜோடி இல்லாமல் போகும். அவருக்கு 'பை' என்று ஆடாமலே வெற்றி கொடுப்பார்கள். அது வழக்கமாகப் பட்டியலின் அடியில் இருப்பவருக்கே போகும். அதாவது மறுபடியும் நம்ம ஆள்தான். அதனால் முடிந்தவரை கடைசி ரவுண்டு வரை இருங்கள்.

அடுத்து அந்த ஒற்றை லேண்ட். அல்சூரில் ஒரு டீக்கடையில் நானும் அக்கா மகனும் "மூணு டர்ன் ஆச்சு, லேண்டே மாட்டலை" என்று புலம்பிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்றவர், ஓசூர் ரோட்டில் முப்பதுக்கு நாற்பது சைட் இருப்பதாகச் சொல்லி விசிட்டிங் கார்டை நீட்டினார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். 60 சீட்டு டெக்கில் 24 லேண்ட் வைத்தாலும், முதல் 7 சீட்டில் ஒரே லேண்டோ அதுவும் இல்லாமலோ வருவது ஏறக்குறைய ஏழு தடவைக்கு ஒரு தடவை நடக்கும். ஒரு ரவுண்டே மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும் என்னும் கணக்கில் ஆடுவது. ஒரு நாளில் எத்தனை தடவை கை எடுப்பீர்கள் என்று பாருங்கள். இது கெட்ட நேரம் இல்லை, வந்தே தீரும் விருந்தாளி.

உங்கள் தப்பு அந்தக் கையை வைத்துக்கொண்டது. முதலில் ஆடுபவருக்கு முதல் டர்னில் சீட்டு எடுக்க அனுமதி இல்லை. இரண்டாவது டர்னில் எடுக்கும் ஒரே சீட்டு லேண்டாக இருந்தாக வேண்டும். மிச்சமிருக்கும் 53 சீட்டில் லேண்ட் 23. பாதிக்கும் குறைவு. இதை நம்பியா உட்காருவது? ரம்மியில் கை மோசமென்றால் முதலிலேயே ஸ்கூட் அடிப்பவன்தான் கெட்டிக்காரன். இங்கே அதற்குப் பெயர் மல்லிகன். 2019-இல் வந்த விதிப்படி மறுபடியும் முழுதாக 7 சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாத ஒன்றை டெக்கின் அடியில் வைக்கலாம். ஒரு சீட்டு நஷ்டம், அவ்வளவுதான்.

கார்டு புரியவில்லையென்றால் கையில் வாங்கிப் படியுங்கள். அதிலும் தெளியாவிட்டால் கையைத் தூக்கி 'ஜட்ஜ்' என்று கூப்பிடுங்கள். வாத்தியாரிடம் போட்டுக்கொடுப்பது போல நமக்கு அது கூசும். அங்கே யாரும் அப்படி நினைப்பதில்லை. கடைப் போட்டிகளில் ஜட்ஜின் வேலையில் பாதி சொல்லிக்கொடுப்பதுதான். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: நேரம் முடிந்து ஆளுக்கொரு ஆட்டம் என்று நிற்கும்போது 'டாஸ் போட்டு முடிச்சுக்கலாமா' என்று கேட்பது. நம்மூர்ப் பழக்கத்தில் வாயில் வந்துவிடும். விதிப்படி அது பெரிய குற்றம்.

அம்மா விஷயம். ரம்மியே பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அம்மாவிடம் தீர்ப்பைக் காட்டி ஜெயித்தவர்கள் கிடையாது. 1993-இல் வந்த இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிக் கல்லூரியில் பாடம் எடுத்தவர். 'ஒரு கணக்கு வாத்தியார் கண்டுபிடிச்சது' என்று சொல்லிப் பாருங்கள். கோவில்பட்டியில் அது எடுபடும்.

ஆறு மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். புதிய சீட்டுத் தொகுப்பு ஒன்று விற்பனைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு கடைகளில் 'ப்ரீரிலீஸ்' நடத்துவார்கள். உள்ளே என்ன சீட்டு என்று தெரியாத 'பூஸ்டர்' பாக்கெட்டுகளில் ஆளுக்கு 6-ஐ அங்கேயே பிரித்து, அதிலிருந்து 40 சீட்டு டெக் கட்ட வேண்டும். அதில் 17 லேண்ட் வைப்பது வழக்கம். இரவல் டெக் தேவையில்லை. அந்தக் கார்டுகள் எல்லோருக்குமே புதிது என்பதால், பத்து வருடம் ஆடியவரும் 'இது என்ன பண்ணும்?' என்று கேட்டுக்கொண்டுதான் ஆடுவார். உங்கள் கூச்சத்துக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் கேள்விக்குப் பதில்: பேப்பர். கை தட்டி டைஸ் உருண்டால் 13-ஆ 16-ஆ என்று சண்டை வரும். 20, 17, 14 என்று அடித்து அடித்து எழுதிக்கொண்டு போனால் எங்கே எவ்வளவு குறைந்தது என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். எதிராளியின் கணக்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பேனா இரண்டாக எடுத்துப் போங்கள், எதிரில் உட்காருபவர் கட்டாயம் ஒன்று கேட்பார்.