டீக்கடையில் பேரம் பேசுகிறவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆற்காட்டில் ஒரு ரிசப்ஷன் முடிந்து பைக்கில் கிளம்பியவரை ஊருக்குள்ளேயே போலீஸ் மடக்கி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் 42 காட்டியிருக்கிறது. வண்டி, லைசென்ஸ் இரண்டும் இப்போது போலீஸ் கையில். மறுநாள் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் ஒருவர் தானாக வந்து, "பன்னிரண்டாயிரம் கொடுங்க, கோர்ட்டுக்கே போக வேணாம், சத்துவாச்சாரி கோர்ட்ல நம்ம ஆள் இருக்காரு, லைசென்ஸும் வந்துரும்" என்றாராம். கொடுத்துவிடலாமா, இல்லை வக்கீல் வைத்தால் கேஸ் உடையுமா என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள். அந்த ஆள் பேசியதிலேயே பொய் இருக்கிறது. ஆற்காடு 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். அங்கே பிடித்த கேஸ் அந்த ஸ்டேஷனுக்கு உரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகுமே தவிர, வேலூர் சத்துவாச்சாரிக்கு வராது. எந்தக் கோர்ட் என்றுகூடத் தெரியாதவர் கோர்ட்டில் ஆள் வைத்திருக்கிறார் என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கிற கேஸே இல்லை இது. ஹெல்மெட் போடாதது, சிக்னல் தாண்டியது போன்றவற்றை அபராதம் கட்டி அங்கேயே முடித்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவது 185-வது பிரிவு, அது அந்தப் பட்டியலில் கிடையாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் என்று மெஷினில் வந்தால் குற்றம். தம்பிக்கு 42, அதனால் ஒரு பீர்தானே சார், நிதானமாகத்தானே ஓட்டினேன் என்பதெல்லாம் எடுபடாது. முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை, அல்லது 15,000, அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் "வரை" என்று இல்லை, பத்தாயிரம்தான். அதனால் "மூவாயிரத்துக்கு இறக்கித் தர்றேன்" என்று எவனாவது சொன்னால் அவன் மூவாயிரத்தைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளப் போகிறான் என்று அர்த்தம். கேஸ் அப்படியே நிற்கும், நாலு மாதம் கழித்து சம்மன் வரும், அப்போது அந்த ஆளின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

இந்தத் தரகர்களைப் பட்டியல் போட்டு கோர்ட்டில் ஒட்டலாம், பட்டியலில் இருப்பவன் தரகு வேலை செய்தால் தண்டிக்கலாம் என்று 2023-ல் வக்கீல்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். தண்டனை என்ன தெரியுமா? மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு ஆளிடம் பன்னிரண்டாயிரம் அடிப்பவனுக்கு ஐந்நூறு! மதியம் 12 மணிக்குக் கடையைத் திறந்து ராத்திரி 10 மணி வரை சரக்கு விற்பதும் அரசாங்கம், அடுத்த திருப்பத்தில் மெஷினோடு நிற்பதும் அரசாங்கம், நடுவில் டீக்கடையில் வசூல் பண்ணுகிறவன் மட்டும் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். சரி, இதைப் பேசினால் விடிந்துவிடும்.

இன்னொரு தொல்லை, இந்த இரண்டு மணி நேரக் கதை. "பிடிச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டலையா, கேஸ் செல்லாது" என்று உங்களிடம் யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள், சில ஜூனியர் வக்கீல்களே சொல்கிறார்கள். சட்டத்தில் இரண்டு மணி நேரம் வருவது உண்மைதான். 202-வது பிரிவு. ஆனால் அது கைது செய்யப்பட்டவருக்கு. ஊதவைத்து, சீட்டைக் கொடுத்து, கூட வந்தவரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அங்கே கைதே இல்லை, இரண்டு மணி நேரக் கணக்கும் ஓடாது. சரி, கைதே செய்தார்கள், டாக்டரிடம் காட்டாமல் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சட்டம் சொல்வது அவரைக் காவலிலிருந்து விட வேண்டும் என்பதை மட்டும். ஆள் வெளியே வருவார், கேஸ் உள்ளேயே இருக்கும். ஏனென்றால் கேஸ் நிற்பது மெஷின் துப்பிய அந்தச் சின்னச் சீட்டில். சீட்டே இல்லை, வாயில் வாசனை வந்தது, தள்ளாடினார் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்றால் அது வேறு கதை. அது மட்டும் போதாது, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் தம்பிக்குச் சீட்டு இருக்கிறது, அதனால் அந்தக் கனவு வேண்டாம்.

அந்தச் சீட்டை மட்டும் கையில் வாங்கிப் பாருங்கள். வெப்பப் பேப்பர், சட்டைப் பையில் கிடந்தாலே எழுத்து மங்கிவிடும், உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். பெயர், தேதி, நேரம், அளவு நான்கும் சரியா? ராத்திரி பதினொன்றரைக்குப் பிடித்தவருக்குச் சீட்டில் ஒன்பது மணி என்றிருந்தால் வக்கீலுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது.

சரி, வக்கீல் வேண்டுமா? வெறும் பத்தாயிரம் கட்டுவதற்கு வேண்டாம். நானே வக்கீல்தான், இதைச் சொன்னால் பார் ரூமில் திட்டுவார்கள், ஆனாலும் சொல்கிறேன். முதல் தடவை, விபத்து இல்லை, லைசென்ஸை நம்பிப் பிழைப்பு இல்லை என்றால் நேரில் போய், ஒப்புக்கொண்டு, கோர்ட்டில் பணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். உங்கள் தம்பிக்கு நான் வக்கீல் வைக்கச் சொல்வது கேஸை உடைக்க அல்ல, லைசென்ஸைக் காப்பாற்ற. கோர்ட்டில் நிற்கும்போது "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா" என்று கேட்டதும் பயத்தில் தலையாட்டிவிட்டு வருகிறவர்களுக்கு, அது ஒரு தண்டனைப் பதிவு, அடுத்த முறை மாட்டினால் இரண்டாவது குற்றமாக எண்ணப்படும் என்பது தெரிவதே இல்லை. டிரைவர் வேலையில் இருப்பவர் அதைத் தெரிந்துகொண்டு தலையாட்ட வேண்டும்.

லைசென்ஸ் விவகாரம் கோர்ட்டில் முடியாது. போலீஸ் அதை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து ஏன் தகுதி நீக்கம் செய்யக் கூடாது என்று நோட்டீஸ் வரும். பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டால் உங்களைக் கேட்காமலே உத்தரவு போட்டுவிடுவார்கள், அதனால் இப்போதே ஆபீசில் விசாரியுங்கள். 19-வது பிரிவுப்படி உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் உத்தரவு போட வேண்டும். உத்தரவு கைக்கு வந்து 30 நாளுக்குள் அப்பீலும் போகலாம். முதல் முறை, விபத்து இல்லை, குடும்பமே இந்தச் சம்பளத்தில் என்பதைக் காகிதத்தோடு சொல்ல ஆள் வேண்டிய இடம் இதுதான். ஃபீஸ் எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், எதுவும் நிரப்பாத வக்காலத்தில் (வக்கீலை உங்களுக்காக வாதாட நியமிக்கும் தாள்) கையெழுத்துப் போடாதீர்கள், "கண்டிப்பா ஜெயிச்சுத் தர்றேன்" என்பவரிடம் போகாதீர்கள். பணம் இல்லை என்றால் 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே கிடையாது.

வாட்ஸ்அப்பில் "உங்கள் சலான்" என்று ஏதாவது ஃபைல் வந்தால் தொடாதீர்கள். நிறைய பேரின் பேங்க் கணக்கு அப்படித்தான் காலியாகிறது.

கடைசியாக ஒன்று, இது இந்த வாரமே. லைசென்ஸை வாங்கிக்கொண்டு போலீஸ் ஒரு ரசீது கொடுத்திருப்பார்கள். அதை வைத்து ஓட்டலாம் என்று தம்பி நினைத்துக்கொண்டிருப்பார். குடித்து ஓட்டிய கேஸில் அந்த ரசீது ஓட்டுவதற்கான அனுமதி அல்ல என்று 206-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கம்பெனி வேனை எடுத்து எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கழன்றுகொள்ளப் பார்க்கும், நஷ்டம் முதலாளி தலையில் விழும், அப்புறம் இவர் தலையில். லைசென்ஸ் திரும்பி வரும் வரை வேன் சாவியைத் தொட வேண்டாம், குடோனிலோ லோடு ஏற்றுவதிலோ ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.