கார்போவின் கடிதக்கட்டில் என்ன இருந்தது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய ஹாலிவுட் நடிகைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் போதும், “அவர் அப்படியாமே, நிஜமா?” என்று கேட்டுப் பல ஊர்களிலிருந்து கடிதம் வந்துவிடுகிறது. வம்புக்காகக் கேட்டவற்றை ஒதுக்கிவிட்டேன். தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டவை இங்கே இருக்கின்றன. நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வது அவர்கள் கைப்பட எழுதிய கடிதங்கள், ஒரே வீட்டில் கழித்த வருடங்கள், கூட இருந்தவர்களின் சாட்சி. அதே நேரம், ஒரு கணவனும் மனைவியும் நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தால் யாரும் கேட்காத அத்தாட்சியை இரண்டு பெண்களிடம் மட்டும் கேட்பதும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

கிரேட்டா கார்போ கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் லெஸ்பியன் என்பதற்குக் கடித ஆதாரம் இருக்கிறதாமே? (திருச்சி வாசகி)

இரண்டு கடிதக்கட்டுகள் இருக்கின்றன. உலகமே பேசியது ஒன்றைப் பற்றி. விஷயம் இருந்ததோ மற்றொன்றில்.

முதல் கட்டு, மெர்சிடிஸ் டி அகோஸ்டா என்ற எழுத்தாளருக்குக் கார்போ எழுதியது. இருவரும் 1931இல் ஹாலிவுட்டில் பழக்கமானவர்கள். முதுமையில் நோயும் பணக்கஷ்டமும் சேர்ந்துகொள்ள, மெர்சிடிஸ் தன்னிடமிருந்த கடிதங்களை 1960இல் பிலடெல்பியாவின் ரோசன்பாக் நூலகத்திடம் கொடுத்தார். கார்போ இறந்து பத்து ஆண்டுகள் ஆகும்வரை திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. கார்போ 1990இல் காலமானார். 2000 ஏப்ரலில் கட்டைப் பிரித்தபோது பத்திரிகையாளர்கள் வரிந்துகட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே இருந்தது உடம்புக்கு முடியவில்லை, வீடு பார்க்க வேண்டும், வேலை அலுப்பாக இருக்கிறது என்கிற மாதிரியான பேச்சுதான். காதல் கடிதம் என்று நீட்டிக் காட்ட ஒன்றுமில்லை. “பார்த்தீர்களா, எல்லாம் கட்டுக்கதை” என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு.

இரண்டாவது கட்டு, மீமி போலாக் என்ற ஸ்வீடிஷ் நடிகைக்கு எழுதியது. ஸ்டாக்ஹோம் அரச நாடகப் பள்ளியில் இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். கார்போ அமெரிக்கா போனார், மீமி ஊரிலேயே கல்யாணம் செய்துகொண்டார். ஆனாலும் கடிதம் நிற்கவில்லை. 2005இல் அவை வெளிவந்தன. மீமி கர்ப்பமாக இருக்கும் செய்தி கிடைத்ததும் கார்போ எழுதுகிறார்: கடவுள் படைத்த நம் சுபாவத்தை நாம் என்ன செய்ய முடியும், ஆனாலும் நீயும் நானும் ஒருவருக்கொருவர் உரியவர்கள் என்றே எப்போதும் நினைத்தேன். 1930இல் பிள்ளை பிறந்தபோது அவர் அடித்த தந்தி, தான் தகப்பனானதில் நம்ப முடியாத அளவு பெருமைப்படுவதாகச் சொல்கிறது. அப்போது கார்போவுக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்துதான். உலகத்தின் மிகப் பிரபலமான நடிகை, தான் விரும்பிய பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைக்காகத் தந்தி ஆபீசுக்குச் சொல்லி அனுப்புகிறார். இந்த வரிகளை என்னால் வெறும் சிநேகிதமாகப் படிக்க முடியவில்லை.

நடிகர் ஜான் கில்பர்ட்டோடு அவருக்கு இருந்த காதலும் பொய்யில்லை. இரண்டும் ஒரே வாழ்க்கையில்தான் நடந்தன. ஆகவே ‘லெஸ்பியன்’ என்று முத்திரை குத்தத் தயங்குவேன். பெண்களைக் காதலித்தார் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

மேலே சொன்ன மெர்சிடிஸ், ரமணாசிரமத்துக்கு வந்தவர்தானே? (திருவண்ணாமலை வாசகர்)

அவரேதான். பால் பிரண்டன் எழுதிய புத்தகம் வழியாக ரமணரைப் பற்றி அறிந்து, 1938இல் மெட்ராஸ் வந்து, அங்கிருந்து காரில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். தங்கியது மூன்றே நாள். தரையில் உட்கார்ந்து பழக்கமில்லாத அந்த நியூயார்க் பெண்மணி, பகவான் இருந்த கூடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். 1960இல் வந்த தன் சுயசரிதையை அவர் காணிக்கையாக்கியது ரமணருக்குத்தான். தான் அறிந்தவர்களில் அகங்காரமே இல்லாத ஒரே மனிதர் என்று அங்கே எழுதியிருக்கிறார்.

மெர்சிடிசை ‘நட்சத்திரங்களைத் துரத்தியவர்’ என்று சில வாழ்க்கை வரலாறுகள் சிறுமைப்படுத்துகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1920இல் ஓர் ஓவியரைக் கட்டிக்கொண்டு 1935இல் விவாகரத்து வாங்கியவர். அந்தக் காலத்தில் தான் பெண்களை நேசிப்பதைச் சுற்றியிருந்தவர்களிடம் மறைக்காமல் நடமாடியவர். சுயசரிதையில்கூட எதையும் பச்சையாகச் சொல்லவில்லை. அதற்கே கார்போ அவரோடு பேச்சை முறித்துக்கொண்டார். 1968இல் மெர்சிடிஸ் இறக்கும்வரை அந்த உறவு சீராகவில்லை.

ஸ்டுடியோக்கள் இதையெல்லாம் எப்படி மூடி மறைத்தன? (கோவை வாசகர்)

மூன்று பூட்டுகள் இருந்தன.

முதலாவது ஒப்பந்தத்தில் இருந்த ஒழுக்க விதி. 1921இல் ஒரு நடிகையின் மரணம் தொடர்பாக நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் மேல் வழக்கு வெடித்ததும் யுனிவர்சல் ஸ்டுடியோ ஆரம்பித்தது, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பொதுமக்கள் முகம் சுளிக்கும்படி நடந்தால் சம்பளம் நின்றுவிடும். எது முகம் சுளிப்பு என்று தீர்மானிப்பது முதலாளி.

இரண்டாவது, திரைக்கதைக்குப் போட்ட தணிக்கை விதிமுறை. 1930இல் எழுதப்பட்டது. நான்கு வருடம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1934 ஜூலையில் ஜோசப் பிரீன் தணிக்கைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பல் முளைத்தது. அவருடைய அலுவலக முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். ‘பாலியல் பிறழ்வு’, அதைப் பற்றிய ஜாடை உட்பட, கூடாது என்பது விதியின் வாசகம். 1961இல்தான் அந்த இடம் தளர்ந்தது. 1968இல் விதிமுறையே ஒழிந்து, வயது பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை வந்தது. இதனால் திரையிலும் பெண்ணை நேசிக்கும் பெண் காணாமல் போனாள். தன்னைப் போல் ஒருத்தியைச் சினிமாவில் ஒருமுறைகூடப் பார்க்காமலே ஒரு தலைமுறைப் பெண்கள் வளர்ந்தார்கள். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

மூன்றாவது பூட்டு கல்யாணம். ‘லாவெண்டர் கல்யாணம்’ என்பார்கள். ஊர் வாயை மூடப் பெயருக்குச் செய்துகொள்வது. ஆண் நட்சத்திரங்களுக்கும் இதே மருந்துதான். ராக் ஹட்சன் 1955 நவம்பரில் தன் ஏஜென்டின் செயலாளரை மணந்தார், 1958இல் விவாகரத்து.

இந்தப் பயத்தை வைத்தே பிழைத்தது ‘கான்ஃபிடென்ஷியல்’ என்ற பத்திரிகை. 1952இல் ஆரம்பித்து லட்சக்கணக்கில் விற்றது. 1955இல் லிசபெத் ஸ்காட் என்ற நடிகையின் பெயரை ஒரு விபசார வழக்கோடு முடிச்சுப் போட்டு, பெண்களோடு அவருக்குத் தொடர்பு என்று ஜாடையாக எழுதியது. அவர் 25 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு நிற்கவில்லை. 1957இல் எல்விஸ் பிரெஸ்லியோடு நடித்த படத்துக்குப் பிறகு 1972 வரை அவரைச் சினிமாத் திரையில் பார்க்க முடியவில்லை. அந்தக் கட்டுரை சொன்னது உண்மையா என்று எனக்கும் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பத்திரிகை அன்று செய்ததை நான் இன்று திரும்பச் செய்ய மாட்டேன்.

பொய்க் கல்யாணத்துக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்லுங்கள். (யாழ்ப்பாணம் வாசகி)

ஆலா நசிமோவா. 1879இல் யால்டாவில் பிறந்து, மாஸ்கோவில் நாடகம் கற்று, நியூயார்க் மேடையில் இப்சன் நாடகங்களால் பேரெடுத்து, பிறகு சினிமாவுக்கு வந்தவர். உச்சத்தில் வாரச் சம்பளம் 13,000 டாலர். 1912 முதல் சார்லஸ் பிரையன்ட் என்ற நடிகரைக் கணவர் என்று சொல்லி வந்தார். இருவரும் சட்டப்படி மணந்துகொள்ளவே இல்லை. 1925இல் பிரையன்ட் வேறொரு பெண்ணை மணக்கப் போனபோது பதிவில் தன்னைப் பிரமச்சாரி என்று எழுதினார். பத்திரிகைகள் விடுமா? பதின்மூன்று வருடத்துப் பொய் ஒரே நாளில் சந்திக்கு வந்தது. சொந்தப் பணத்தைக் கொட்டி எடுத்த ‘சலோமே’ ஏற்கெனவே கையைச் சுட்டிருந்தது. சன்செட் பூலவார்டில் இருந்த அவருடைய பெரிய வீடு 1927இல் ‘கார்டன் ஆஃப் அல்லா’ என்ற ஹோட்டலாக மாறியது. பின்னாளில் அந்த ஹோட்டலின் ஒரு சிறு வில்லாவிலேயே வாடகைக்குக் குடியிருந்தார்.

கதையின் இந்தப் பாதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மறுபாதியில் கிளெஸ்கா மார்ஷல் இருக்கிறார். 1929இல் நசிமோவாவோடு சேர்ந்தவர், 1945இல் நசிமோவா கண்மூடும்வரை பிரியவில்லை. பணமும் புகழும் போன பிறகு வந்த துணை அது.

இந்த வட்டத்திலேயே இன்னொருவர் ஜீன் ஆக்கர். 1919 நவம்பரில், பின்னாளில் மௌனப்பட நாயகனாகப் புகழ்பெற்ற ருடால்ஃப் வாலன்டினோவை மணந்து, முதல் இரவன்றே அவரை வெளியில் நிறுத்திக் கதவைத் தாழிட்டவர். உலகம் வாலன்டினோவுக்காக நூறு வருடமாகப் பரிதாபப்படுகிறது. ஆக்கரோ பிற்காலத்தில் குளோயி கார்ட்டர் என்ற பெண்ணோடு நீண்ட நாள் வாழ்ந்தார். இருவரின் கல்லறையும் பக்கத்தில் பக்கத்தில்.

எதையும் மறைக்காமல் வாழ்ந்தவர்கள் ஒருவர்கூட இல்லையா? (மதுரை வாசகி)

பாட்சி கெல்லி இருந்தார். நகைச்சுவை நடிகை. தான் யாரோடு வாழ்கிறேன் என்பதைக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். நாற்பதுகளில் சினிமா வாய்ப்பு வற்றியது. வயிற்றுப்பாட்டுக்கு நடிகை டலூலா பாங்க்ஹெட்டின் வீட்டில் உதவியாளராகக்கூட இருந்தார். 1971இல் பிராட்வே மேடைக்குத் திரும்பி டோனி விருதும் வாங்கினார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மார்லீன் டீட்ரிச் கோட்டு சூட்டு போட்டதெல்லாம் விளம்பரத்துக்குத்தானே? (சென்னை வாசகர்)

விளம்பரத்துக்கும் உதவியது. ஆனால் அது ஹாலிவுட் தைத்துக் கொடுத்த சட்டையில்லை, பெர்லினிலிருந்து அவரே கொண்டுவந்தது. 1928இல் அங்கே ஒரு மேடை நிகழ்ச்சியில் மார்கோ லியோனோடு சேர்ந்து, இரண்டு ‘ஆருயிர்த் தோழிகள்’ கடைக்குப் போகும் பாட்டைப் பாடினார். பார்வையாளர்களுக்கு அர்த்தம் விளங்கியது. பெண்ணை நேசிக்கும் பெண்களுக்கென்று மதுக்கடைகளும் பத்திரிகைகளும் இருந்த நகரம் அது, 1933இல் ஹிட்லர் வரும்வரை.

1930இல் வந்த ‘மொராக்கோ’வில் அந்தக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். வால்கோட்டும் உயரத் தொப்பியுமாகப் பாடி முடித்து, மேசையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் பூ கேட்டு வாங்குகிறார். ஒரு கணம் தயங்கி, குனிந்து அவள் உதட்டில் முத்தமிடுகிறார். கூட்டம் கைதட்டுகிறது. பிறகு அந்தப் பூவை கேரி கூப்பரிடம் எறிகிறார். பூ யோசனை டீட்ரிச்சுடையது என்பார்கள்: முத்தத்தை வெட்டினால் கையில் பூ எங்கிருந்து வந்தது என்று புரியாமல் போகும், ஆகவே தணிக்கையால் கைவைக்க முடியாது. அந்தப் படத்துக்கு அவர் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார்.

1923இல் ருடால்ஃப் சீபரை மணந்தவர், 1976இல் சீபர் இறக்கும்வரை விவாகரத்து செய்யவில்லை. ஆண்களோடும் பெண்களோடும் அம்மாவுக்கு இருந்த உறவுகளை மகள் மரியா ரைவாவே 1992இல் விரிவாக எழுதிவிட்டார். இங்கே ஊகத்துக்கு வேலையே இல்லை.

நடிகைகளைப் பற்றியே பேசுகிறோம். கேமராவுக்குப் பின்னால்? (பெங்களூரு வாசகி)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். டோரத்தி ஆர்ஸ்னர். 1927 முதல் 1943 வரை பெரிய ஸ்டுடியோக்களுக்குத் தொடர்ந்து படம் இயக்கிய பெண் அவர் ஒருவர்தான். ஸ்கிரிப்ட் டைப் அடிக்கும் வேலையில் நுழைந்து, எடிட்டராகி, இயக்குநரானார். 1929இல் ‘தி வைல்ட் பார்ட்டி’ எடுத்தபோது, பேசும்படம் என்றாலே கதாநாயகி கிளாரா போ நடுங்கினார். மைக் ஒளித்து வைத்த இடத்தை விட்டு நகர முடியாது அல்லவா? ஆர்ஸ்னர் ஒரு தூண்டில் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, நடிகையின் தலைக்கு மேலே கூடவே கொண்டுபோகச் சொன்னார். இன்று எல்லாப் படப்பிடிப்பிலும் இருக்கும் பூம் மைக்கின் ஆதி வடிவங்களில் ஒன்று அது.

குட்டை முடி, கோட்டு, டை. அந்தக் காலப் புகைப்படங்களில் அவர் அப்படித்தான் நிற்கிறார். நடன இயக்குநர் மேரியன் மார்கனோடு ஏறத்தாழ நாற்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார். 1971இல் மார்கன் இறந்துதான் அது முடிந்தது. பேட்டியில் இதைப் பற்றி அவர் பேசியதில்லை, ஒளிந்ததுமில்லை. நடிகையின் முகம்தான் விற்பனைச் சரக்கு. இயக்குநரின் முகத்தை டிக்கெட் வாங்குபவர் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியில் அவரால் மூச்சுவிட முடிந்தது.

1940இல் அவர் எடுத்த ‘டான்ஸ், கேர்ள், டான்ஸ்’ படத்தில் மோரீன் ஓ’ஹாரா ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மேடை விளிம்புக்கு வந்து, தன்னை வெறித்துப் பார்க்கும் ஆண்களைப் பார்த்து அவர்கள் லட்சணத்தைச் சொல்லுவார். அப்படி ஒரு காட்சியை அன்றைய ஹாலிவுட்டில் வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

கேதரின் ஹெப்பர்ன், பார்பரா ஸ்டான்விக்? (சேலம் வாசகர்)

கிசுகிசு நிறைய. நான் முதலில் சொன்ன மாதிரி ஆதாரம் கையில் இல்லாமல் பெயரை எழுத மாட்டேன்.

எந்தப் படங்களிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்? (கொழும்பு வாசகி)

ஜெர்மனியில் 1931இல் வந்த ‘மேட்ஷன் இன் யூனிஃபார்ம்’. இயக்கியவர் லியோன்டினே சாகன் என்ற பெண், கதை கிறிஸ்டா வின்ஸ்லோவுடையது, நடித்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ராணுவம் போல நடக்கும் விடுதிப் பள்ளியில் ஒரு மாணவி தன் ஆசிரியையை நேசிக்கிறாள். இரவு தூங்கப் போகுமுன் ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் முத்தமிட்டு வருகிறார், இவள் முறை வரும்போது படத்தில் எல்லாமே மாறுகிறது. பிறகு 1933இல் வந்த ‘குவீன் கிறிஸ்டினா’: கார்போ ராணியாக, ஆண் உடையில், தோழி எப்பாவை உதட்டில் முத்தமிட்டு வரவேற்பார், பிரமச்சாரியாகவே சாவேன் என்பார். பிரீன் வருவதற்கு சுமார் ஆறு மாதம் முன்பு வந்ததால் தப்பியது.

கடைசியாக, வில்லியம் வைலர் ஒரே நாடகத்தை இரண்டு தடவை எடுத்திருக்கிறார், இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். லிலியன் ஹெல்மனின் நாடகத்தில் இரண்டு ஆசிரியைகள் மேல் லெஸ்பியன் என்று பழி விழும். 1936இல் ‘தீஸ் த்ரீ’ என்ற பெயரில் எடுத்தபோது தணிக்கைக்காக அது ஓர் ஆணை இருவர் விரும்பும் முக்கோணக் காதலாகிவிட்டது. 1961இல் ‘தி சில்ட்ரன்ஸ் அவர்’ என்று நாடகத்தின் சொந்தப் பெயரோடு ஆட்ரி ஹெப்பர்னையும் ஷர்லி மெக்லைனையும் வைத்து மூலக்கதையை எடுத்தார். அதிலும் முடிவு என்னைக் கோபப்படுத்துகிறது: தன் மனதை வாய்விட்டுச் சொன்ன பெண்ணைத் திரைக்கதை உயிரோடு விடுவதில்லை. ஆனால் அவள் அதைச் சொல்லும் அந்தச் சில நிமிடங்களில் மெக்லைனின் நடிப்புக்காகவே படத்தைப் பார்க்க வேண்டும்.