கிளியோசிஸ் கட்டி இல்லை, பயப்படாதீர்கள்

மன்னார்குடி நண்பரே, அப்பா வண்டியில் விழுந்து ஆறு மாதம் கழித்து எடுத்த எம்ஆர்ஐ அறிக்கையில் ‘கிளியோசிஸ்’ என்று பார்த்துவிட்டுக் கட்டியோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கட்டிக்குப் பெயர் கிளியோமா. இது மூளையில் அடிபட்ட இடத்தில் விழுந்த தழும்பு.

ஆற்றங்கரை உடைந்தால் நாம் சாக்கில் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுவோமே, கிட்டத்தட்ட அதேதான். அடிபட்ட சில நிமிடங்களிலேயே மூளையின் காவல்காரர்களான மைக்ரோகிளியா செல்கள் தங்கள் கிளைகளைக் காயத்தின் பக்கம் நீட்டுகின்றன, அப்புறம் செத்த செல்களைத் தின்று சுத்தம் செய்கின்றன. அடுத்த சில நாட்களில் ஆஸ்ட்ரோசைட்டுகள் (நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்கள்) பருத்து, ஒன்றோடொன்று பின்னி, காயத்தைச் சுற்றி வரப்பு கட்டி, அழற்சி நல்ல பக்கத்துக்குப் பரவாமல் தடுக்கின்றன. ஸ்கேனில் சில படங்களில் வெள்ளையாகத் தெரிவது இந்த இடம்தான். உடைப்பை அடைத்த மண்மேடு (எங்கள் வெண்ணாற்றங்கரையில் இன்னும் ஒன்று கிடக்கிறது) மாதிரி இதுவும் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும், மாத்திரை போட்டுக் கரைக்க முடியாது.

ஒன்றில் மட்டும் கவனம். தழும்பைச் சுற்றியுள்ள இடத்திலிருந்து சிலருக்கு வலிப்பு வரலாம். அதற்கு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். கை வெட்டி இழுத்தாலோ, பேச்சு நடுவில் திடீரென வெறித்துப் பார்த்தாலோ, தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள், முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு.